நிலநடுக்கோட்டு நகரில் கைமாறும் தொலைநோக்கிகள்

சிங்கப்பூரின் இரவு வானம் உலகிலேயே மிகுதியாகச் செயற்கை ஒளி கலந்த வானங்களுள் ஒன்று என்பதும், அதே நகரில் விலையுயர்ந்த தொலைநோக்கிகள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறி வருகின்றன என்பதும் முதற்பார்வையில் ஒன்றோடொன்று பொருந்தாத செய்திகளாகத் தோன்றலாம். 2016-இல் வெளியான செயற்கை இரவொளியின் உலக வரைபடம், மக்கள் அனைவருமே கண் இருளுக்கு முற்றாகப் பழக இயலாத அளவு வெளிச்சமான வானத்தின்கீழ் வாழும் நாடாகச் சிங்கப்பூரைக் குறித்தது. எனினும், அந்நகருக்குச் சென்று, தேக்காவிலிருந்து ஜூரோங் வரை பழைய கருவிகள் விற்கப்பட்ட இடங்களையும் விற்கப்படும் இடங்களையும் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவருக்கு, கணினி பொருத்திய தொலைநோக்கி வேறெந்த ஊரையும்விட இவ்வூருக்கே மிகவும் பொருந்துகிறது என்பதும், அதைப் பழையதாக வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை இந்த ஊரின் அட்சரேகையும் ஈரமுமே தீர்மானிக்கின்றன என்பதும் விளங்கும்.

கணினித் தொலைநோக்கி என்பது, ஒளியைத் திரட்டும் குழாய், அதைத் தாங்கிச் சுழற்றும் மோட்டார் பீடம், வான்பொருள்களின் இருப்பிடங்களை நினைவில் வைத்திருக்கும் சிறு கைப்பெட்டி ஆகியவை சேர்ந்த கருவி. பார்ப்பவர் நாள், நேரம், ஊர் ஆகியவற்றைக் கைப்பெட்டியில் பதித்து, தெரிந்த இரண்டு அல்லது மூன்று ஒளிமிக்க விண்மீன்களை நோக்கிக் குழாயைத் திருப்பிக் காட்டிவிட்டால், பீடம் எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதைக் கணினி கணக்கிட்டுக்கொண்டு, அதன்பின் கேட்ட பொருளை நோக்கித் தானே திரும்பும்; திரும்பியபின், பூமியின் சுழற்சியால் அப்பொருள் நகரும் வேகத்திலேயே அதைத் தொடர்ந்து செல்லும். செலஸ்ட்ரான் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த காம்புஸ்டார் கருவி செல்வந்தர்களுக்கே எட்டியது. மீட் நிறுவனத்தின் எல்எக்ஸ்200 வரிசை 1992-இல் வந்தபின் பொழுதுபோக்காளர்களிடையே இம்முறை பரவியது. 1999-இல் அதே நிறுவனத்தின் இடிஎக்ஸ் என்னும் சிறு கருவிகளுக்கு ஆட்டோஸ்டார் கைப்பெட்டியும், 2006-இல் செலஸ்ட்ரானின் நெக்ஸ்டார் எஸ்இ வரிசையும் வந்தபிறகு நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கக்கூடிய பொருளாயிற்று. இன்று பழைய விலைக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை இந்த இரு குடும்பங்களையும் அவற்றின் வழிவந்தவற்றையும் சேர்ந்தவை.

பழைய பொருள் வாங்குவதற்குச் சிங்கப்பூரில் நெடிய மரபு உண்டு. அம்மரபின் மையம் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் இருந்தது. தேக்கா நிலையத்தின் காய்கறி, மீன் கடைகளைக் கடந்து, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலையும் மல்லிகைச் சரம் தொங்கும் பூக்கடைகளையும் தாண்டி, கிழக்கே ஜாலான் புசார் பக்கம் திரும்பினால், சுங்கை ரோடு என்னும் தெருவை அடையலாம். திருட்டுச் சந்தை என்று ஊரார் அழைத்த அந்தத் திறந்தவெளிச் சந்தை 1930-களிலிருந்து இயங்கியது. தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய கைக்கடிகாரங்களும் கேமராக்களும் வானொலிப் பெட்டிகளும், ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படையினரிடமிருந்து கழிந்துவந்த சாமான்களும் அங்கே விலைபோயின. 2017 ஜூலை 10-ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அருகில் ஜாலான் புசார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. நகரத் திட்டமிடலின் நியாயங்கள் எவையாயினும், ஒரு பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, விற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசி வாங்கும் கல்வி அச்சந்தையோடு பெரிதும் போய்விட்டது என்பது உண்மையான இழப்பே.

சுங்கை ரோட்டிலிருந்து ரோச்சோர் கால்வாய் ஓரமாகச் சற்று மேற்கே நடந்தால் மின்னணுப் பொருள்களுக்குப் பேர்பெற்ற சிம் லிம் சதுக்கம் வரும். அங்குத் தொலைநோக்கியைத் தேடுவதைவிட, பழைய தொலைநோக்கிக்குத் தேவைப்படும் மின்கம்பி, இணைப்பு முனை, 12 வோல்ட் மின்வழங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போன்றவற்றைத் தேடுவதே பயன்தரும். சிட்டி ஹால் நிலையத்தருகே கோல்மன் தெருவிலுள்ள பெனின்சுலா வணிக வளாகம் பழைய கேமராக்களுக்கும் லென்ஸ்களுக்கும் பெயர்பெற்ற இடம். லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று விளக்கொளியில் பார்க்கும் முறையை அங்குள்ள கடைகளில் நின்று கவனித்தே கற்றுக்கொள்ளலாம். தொலைநோக்கிகளை விற்பவரையும் வாங்குபவரையுமோ இப்போது பெரும்பாலும், சிங்கப்பூரில் 2012-இல் தோன்றிய கரோசல் போன்ற கைப்பேசிச் செயலிகளே சேர்த்துவைக்கின்றன. பொருளும் பணமும் கைமாறுவது ரயில் நிலைய வாயிலிலோ, வீவக புளோக்கின் கீழ்த்தளத்திலோ நிகழ்கிறது. வீவக என்பது பெரும்பாலான சிங்கப்பூரர்கள் வாழும் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சுருக்கப் பெயர். அதன் புளோக்குகளின் சுவரற்ற கீழ்த்தளங்களில்தான் திருமணமும் நடக்கும், துக்கமும் நடக்கும், முதியோரின் சதுரங்கமும் நடக்கும். கருவியை மேசைமேல் வைத்து விளக்கொளியில் ஆராய அதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் தலைக்குமேல் கூரை இருப்பதால் வானத்தில் சோதிக்க அங்கே வழியில்லை.

அட்சரேகையின் செல்வாக்கைப் புரிந்துகொள்ளத் துருவ விண்மீனிலிருந்து தொடங்குவது நல்லது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் வானின் வடதுருவம் அவ்வூருக்குத் தெரியும் என்பதால், சென்னையில் 13 பாகையிலும் கன்னியாகுமரியில் 8 பாகையிலும் இருக்கும் அப்புள்ளி, சிங்கப்பூரில் ஏறத்தாழ 1.3 பாகையில், கட்டடங்களுக்கும் அடிவானப் புகைமூட்டத்துக்கும் பின்னால் மறைந்துவிடுகிறது. மோட்டார் பீடங்களில் ஒரு வகை, தன் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து நிறுத்திக்கொண்டு, அந்த ஓர் அச்சைச் சுற்றுவதாலேயே விண்மீன்களைத் தொடர்வது. அதற்கு நடுவரைப் பீடம் என்று பெயர். சிங்கப்பூரில் அதன் அச்சை ஏறத்தாழக் கிடைமட்டமாகப் படுக்கவைக்க வேண்டியிருப்பதால், பல பீடங்களின் சாய்வு அளவுகோல் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. இறங்கினாலும் எதிரெடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் அச்சை நேர்படுத்த உதவும் துருவ விண்மீன் கண்ணில் படாது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ளவர்களுக்கு வடிவமைக்கப்பட்ட அத்தகைய பீடங்களைச் சிங்கப்பூரில் மலிவாக யாரேனும் விற்க முன்வந்தால், விலையைக் கேட்குமுன் அதன் சாய்வு அளவுகோலைக் கேட்பதே முறை.

மற்றொரு வகைப் பீடம், பீரங்கியைப்போல் கிடைமட்டமாகச் சுற்றும் அச்சு ஒன்றும், மேலும் கீழும் ஏறி இறங்கும் அச்சு ஒன்றும் கொண்டது. துருவத்தைத் தேடும் வேலையே இதற்கில்லை. இரண்டு அச்சுகளையும் ஒருசேர, மாறிமாறும் வேகத்தில் இயக்க வேண்டியிருப்பதால் கணினி வந்த பின்னரே இவ்வகை விண்மீன்களைச் செம்மையாகத் தொடர முடிந்தது. நிலநடுக்கோட்டில் இதற்கு ஓர் அரிய எளிமை கிடைக்கிறது. நேர்கிழக்கில் உதிக்கும் விண்மீன் தமிழகத்தில் தெற்கே சாய்ந்தபடி ஏறும்; சிங்கப்பூரில் அது செங்குத்தாகவே மேலேறும் என்பதால், ஓரியன் இடுப்புப்பட்டையின் மூன்று விண்மீன்களைப் பின்தொடரும் பீடத்தில் மேலேற்றும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, பக்கவாட்டு மோட்டார் ஏறத்தாழ ஓய்ந்தே இருக்கும். அவ்விண்மீன்கள் தலைக்கு நேர்மேலே வந்ததும் நிலைமை தலைகீழாகும்: அப்பட்டையில் வடமேற்கு ஓரத்திலுள்ள மின்டாக்கா உச்சியிலிருந்து 1.6 பாகை தள்ளியே கடப்பதால், அந்தச் சமயத்தில் 13 நிமிடத்திற்குள் பக்கவாட்டு மோட்டார் 90 பாகை திரும்பியாக வேண்டும். பற்சக்கரங்களில் தேய்மானம் இருந்தால் அது வெளிப்படும் இடம் இதுவே. ஆகவே பழைய கருவியைச் சோதிப்பவர், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவிலுள்ள வசதியான பொருள் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருப்தியடையாமல், உச்சியை ஒட்டிக் கடக்கும் பொருளொன்றையும் தொடரச்சொல்லிப் பார்ப்பது அவசியம்.

நேரக் கணக்கிலும் சிங்கப்பூருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நெடுவரையின்படி அந்நகரின் நேரம் உலகப் பொதுநேரத்தைவிட 7 மணிக்குச் சற்றுக் குறைவாகவே முந்தியிருக்க வேண்டும். ஆனால் மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு ஒரே நேரத்தை வகுத்தபோது சிங்கப்பூரும் அதைப் பின்பற்றி, 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தி 8 மணி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணியளவிலும், மறைவது ஆண்டு முழுவதும் மாலை 7 மணியளவிலுமாக அமைகிறது. கைப்பெட்டியில் நேர மண்டலத்தை ஒரு மணி தவறாகப் பதித்தால், பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், கணினி தேடும் பொருளும் 15 பாகை தள்ளிப்போகும். பழைய கருவிகளில் முந்தைய உரிமையாளரின் ஊரோ, தொழிற்சாலை பதித்த அமெரிக்க நகரமோ அப்படியே இருந்துவிடுவதுண்டு; அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலிலும் நாளைப் பின்னரும் பதிக்க வேண்டும் என்பதை அறியாமல், ஏப்ரல் 5-ஐ மே 4-ஆகப் பதித்துவிட்டுக் கருவி பழுது என்று விற்றுவிடுபவர்களும் இருக்கக்கூடும். செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைத் தானே பெறும் பழைய கருவிகள் சிலவற்றில், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை வார எண் சுழியத்துக்குத் திரும்பும் ஏற்பாட்டின் காரணமாக, 2019 ஏப்ரல் 6-க்குப் பிறகு நாள் தவறாகக் காட்டப்படுகிறது. நாளைக் கையால் பதித்துக்கொள்ள முடிந்தால், இத்தகைய குறையைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குவதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஈரம்தான் உண்மையான எதிரி. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியற்காலையில் அது 90-ஐத் தாண்டும். கேமரா வைத்திருப்பவர்கள் வீட்டில் ஈரம் நீக்கும் மின் அலமாரி வைத்திருப்பது அந்நகரில் வெகு சாதாரணம். தொலைநோக்கிக் குழாயோ அதற்குள் அடங்காத பருமன் கொண்டதால், உடைமாடத்தின் மூலையிலோ கட்டிலுக்கடியிலோ ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஸ்மிட்-கேசிகிரெய்ன் என்னும் பரவலான வகையில், குழாயின் முகப்பை ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு மூடியிருப்பதால், அதன் உட்புறத்தில் தோன்றும் பூஞ்சையை வெளியிலிருந்து துடைக்க இயலாது. தகட்டைக் கழற்றினால், முன்பிருந்த கோணத்திலேயே அதைத் திரும்பப் பொருத்த வேண்டும். முகப்பின் வழியாகக் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால், சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிவதுண்டு. விளிம்பில் மட்டும் இருக்கும் சிறு பூஞ்சை காட்சியைப் பெரிதாகக் கெடுக்காது. மேற்பூச்சை அரித்து நடுவரை பரவியிருந்தால், எவ்வளவு மலிவானாலும் அதை விட்டுவிடுவதே நல்லது. தூசியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. புத்தம்புதிதுபோல் பளபளக்கும் தகட்டைக் கண்டால்தான், முறையறியாமல் யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்களா என்று கீறல்களைத் தேட வேண்டும்.

மின் உறுப்புகளின் நிலையும் ஈரத்தோடு சேர்ந்ததே. நெக்ஸ்டார் எஸ்இ, இடிஎக்ஸ் போன்றவை எட்டு டபுள்-ஏ பேட்டரிகளில் இயங்குபவை. அவற்றை உள்ளேயே விட்டு மறந்துவிட்டால் கசிந்து, பித்தளைத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பேற்றும். கைப்பெட்டியின் ரப்பர் பொத்தான்கள் பிசுபிசுப்பதும், சுருள்கம்பியின் செருகியில் துரு ஏறுவதும் வெப்பமண்டலத்தில் இயல்பு. அதேவேளை, தானாகத் திசைமாறித் திரும்புவது, நடுவில் நின்றுவிடுவது போன்ற பழுதுகள் பலவும் பேட்டரி தளர்ந்ததால் மட்டுமே நேர்பவை. 12 வோல்ட் மின்வழங்கியில், அதுவும் நேர்முனை நடுவில் அமைந்த செருகியில் இணைத்துப் பார்த்தால் கருவி நலமாக இயங்குவதுண்டு. முனை மாறிய மின்வழங்கியை இணைத்துவிட்டால் கருவியின் சுற்றுப்பலகை எரிந்துபோகலாம் என்பதால், வாங்குபவர் தம் மின்வழங்கியைத் தாமே எடுத்துச்செல்வது பாதுகாப்பு.

உதிரிப் பொருள்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டியிருக்கிறது. மீட் நிறுவனத்தையும் ஓரியன் நிறுவனத்தையும் சேர்த்து நடத்திய கலிஃபோர்னிய அமைப்பு 2024-இல் தொழிலை நிறுத்தியது. தைவானின் சிந்தா குழுமத்துக்கு 2005-இல் உரிமையான செலஸ்ட்ரான் தொடர்ந்து இயங்குகிறது. ஒளியியல் தரத்தில் இவற்றிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லையென்றாலும், கைப்பெட்டி பழுதானால் மாற்று கிடைக்குமா என்னும் கேள்விக்கு மீட், செலஸ்ட்ரான் இரண்டுக்கும் விடை வேறு. கைப்பெட்டி இல்லாத கணினிப் பீடம் பெரும்பாலும் பயனற்றது. அது சேராத விற்பனையைப் பீடத்துக்கு விலையே இல்லாத விற்பனையாகக் கருதி, குழாய்க்கு மட்டும் பணம் கொடுப்பது நியாயம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் கிழக்கு-மேற்குப் பாதைக்கு மாறினால், தியோங் பாரு தாண்டியதும் ரயில் நிலத்தடியிலிருந்து மேலேறி, குவீன்ஸ்டவுன், கிளமெண்டி புளோக்குகளின் ஊடே ஜூரோங் ஈஸ்ட் வரை செல்கிறது. அங்கே, 1977-இல் திறக்கப்பட்ட அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த வான்காணகத்தில், 40 செ.மீ. விட்டமுள்ள கேசிகிரெய்ன் தொலைநோக்கி உள்ளது. வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டும் வழக்கம் அங்கு நெடுநாளாக இருந்துவந்திருக்கிறது. பழைய கருவி வாங்க எண்ணுபவர் முதலில் அங்கே சென்று, ஒளிவெள்ளத்தினூடே எவை தெரியும், எவை தெரியாது என்பதைக் கண்ணால் அறிந்துகொள்வது, எத்தனை விளக்கக் குறிப்புகளைப் படிப்பதையும்விட மேலானது. நகர ஒளி மறைப்பது வான்புகையுருக்களையும் விண்மீன் திரள்களையும் போன்ற மங்கலாகப் பரந்த பொருள்களை; நிலவும், வியாழனும், சனியும், இரட்டை விண்மீன்களும் அதனால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. மேலும், உயர்வானில் விரைந்தோடும் காற்றோட்டங்கள் நிலநடுக்கோட்டை விட்டு விலகியே இருப்பதால், இங்குக் கோள்களின் உருவம் நடுங்காமல் நிற்கும் இரவுகள் பல. இதே அனுகூலம் கொண்ட பிலிப்பீன்ஸின் செபு நகரிலிருந்து கிறிஸ்டோபர் கோ என்னும் பொழுதுபோக்கு வானியலாளர், வியாழனின் வெண்ணிறப் புயலொன்று செந்நிறமாக மாறியதை 2006-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்.

ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத்தெருக்களையும் நிறைக்கும் தமிழகத் தொழிலாளர்களுள் பலர் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை வயல்வெளிகளின் இருண்ட வானத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். அத்தெருவின் விளக்குகளின் நடுவிலும் சனியின் வளையம் சிறிய கருவியிலேயே தெளிவாகத் தெரியும் என்பதை நினைக்கும்போது, கைமாறும் இக்கருவிகளுள் ஒன்றாவது அங்கே திடலோரத்தில் நிறுத்தப்பட வேண்டும் என்னும் விருப்பம் எழாமல் இராது.

வானில் சோதிப்பதற்கு, 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையைப்போல் நாற்புறமும் திறந்த இடம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களின் முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே நேரத்தில் அங்கே நிற்கும். சென்னையில் 14 பாகையே ஏறும் அக்ரக்ஸ் விண்மீன் இங்கு 25 பாகைக்கும் மேலே ஏறுவதால், அது இரட்டையாகப் பிரிந்து தெரிவதைக் காணலாம். விண்மீனின் குவிந்த படத்தைச் சற்று மங்கலாக்கினால் தோன்றும் ஒளிவளையத்தின் நடுவிலுள்ள கரும்புள்ளி மையத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது கண்ணாடிகளின் நேர்த்தியை அளக்கும் வழி. மையம் விலகியிருந்தால் அது திருகுகளால் சரிசெய்யக்கூடிய குறையே. பின்னர் 200 மடங்கு பெருக்கத்தில் வியாழனைப் பிடித்து வைக்க வேண்டும். மோட்டார் இல்லையேல் ஒரு நிமிட அளவில் காட்சியை விட்டு வெளியேறிவிடும் அக்கோள், கால் மணி நேரத்துக்குப் பிறகும் உள்ளே இருந்தால் பீடம் நலமாக இருக்கிறது. மழை மேகம் வந்தால் விற்பவர் அன்றே முடித்துவிட விரும்பினாலும், வாங்குபவர் மற்றோர் இரவைக் கேட்பதில் தவறில்லை.

அளவைப் பொறுத்தவரை, 8 அங்குல நெக்ஸ்டார் முக்காலியோடு 15 கிலோ எடையும், 4 அங்குலத்தது 10 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டவை. மின்தூக்கியில் இறக்கி, பேருந்திலோ ரயிலிலோ ஏற்றிச் சென்று பார்க்க வேண்டிய ஊரில், 5 அல்லது 6 அங்குலமே பொருத்தமான எல்லை. பெரியவை விற்பனைக்கு வருவதற்கே அவற்றின் எடைதான் முதற்காரணம். 2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற, கண்ணுக்குப் பதில் கைப்பேசித் திரையில் படம் காட்டும் 50 மி.மீ. சிறுகருவிகள், ஒளிமிக்க நகரிலும் வான்புகையுருக்களைப் படமாகத் திரட்டித் தருவதால், பழைய கருவிகளின் மதிப்பைக் குறைக்கக்கூடும். கோள்களை நேரடியாகக் கண்ணால் பார்க்க விரும்புபவருக்கு அது நன்மையே.

தமிழகத்துக்கு எடுத்துச்செல்பவர், குழாயைக் கைப்பையாகவோ தனிப்பெட்டியாகவோ பிரித்து, லித்தியம் மின்கலம் ஏதேனும் இருந்தால் அதைப் பயணப்பெட்டியில் வைக்காமல் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் வந்தபின் கைப்பெட்டியில் இடத்தையும் நேர மண்டலத்தையும் மாற்றியாக வேண்டும். இந்தியாவின் 5½ மணி வேறுபாட்டை அந்தக் கைப்பெட்டி ஏற்கிறதா, முழு மணிகளை மட்டுமே ஏற்கிறதா என்பதை, சிங்கப்பூரில் விற்பவரின் எதிரிலேயே ஒருமுறை பதித்துப் பார்த்துவிடுவது நல்லது.